வரப்போரச் சாப்பாடு: கிழக்குச் சித்தூரில் வேலையாட்களோடு உண்ண உட்காருகிறவருக்கு

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகவோ, கோவையிலிருந்து வேலந்தாவளம் வழியாகவோ எல்லை தாண்டிப் பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவுக்குள் வந்துவிட்டால், பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் எந்த வரப்போரம் நடந்தாலும் ஏதாவதொரு மரத்தடியிலிருந்து "வாங்க, சாப்புடலாம்" என்ற குரல் காதில் விழும். சனி, ஞாயிறுகளில் மிதிவண்டியிலும் கேமராவோடும் இந்தப் பக்கம் வருகிறவர்கள் இப்போது அதிகம். அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். ஒரு சாரார் கையை ஆட்டி மறுத்துவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இன்னொரு சாரார் கூப்பிட்டவுடன் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, கிராமத்து மக்களின் மனசே மனசு என்று ஊர் திரும்பிப் பூரிக்கிறார்கள். இந்த இரண்டில் பின்னதே பெரிய தவறு. ஏனென்றால் அவர்களுடைய தூக்குப்போசியில், அதாவது மூடி போட்ட சோற்றுத் தூக்கில், இருந்தது அளந்து கொண்டுவந்த சோறு.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். என் இருபத்திரண்டாம் வயதில் ஓர் அலுவலகத்துக்காகக் கிணறுகளைக் கணக்கெடுக்கும் தற்காலிக வேலை பார்த்தபோது, கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்த ஆறு பெண்கள் பூவரச மரத்தடியில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர்களில் மூத்தவர், "எனக்குப் பசியில்லீங்க, நீங்க சாப்புடுங்க" என்று சொல்லித் தன் போசியை மூடியோடு என் பக்கம் நகர்த்தினார். உள்ளே அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு; மேலே ஒரு தேங்காய்ச் சில்லும் இரண்டு சின்ன வெங்காயமும் வைத்திருந்தார். காலையில் எதுவும் சாப்பிடாமல் கிளம்பியிருந்த நான் அடிவரை வழித்துத் தின்றேன். மாலை நான்கு மணிக்கு அதே வழியாகத் திரும்பும்போது அந்த அம்மாள் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடலைக்கொடியை உதறிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில், "அவ போசியத்தான தம்பி நீ தின்னுட்டுப் போன" என்றார். மற்ற ஐவரும் ஆளுக்கொரு கவளம் நீட்டியிருக்கிறார்கள். அவர் அதை வாங்காமல் மோரை மட்டும் குடித்துவிட்டு வெயிலில் இறங்கியிருக்கிறார். கீழே நான் எழுதுவதில் பெரும்பகுதி அந்த ஒரு போசியைச் சுற்றித்தான் வரும்.

எப்போது, எந்தக் காட்டில், யார் இருப்பார்கள்

இந்தத் தாலுகா பழைய கொச்சி ராஜ்ஜியத்தைச் சேர்ந்தது. அதை அடுத்திருந்த பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் கேரளம் உருவானபோது இரண்டும் ஒரே மாநிலத்துக்குள் வந்தன. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி போன்ற கிழக்குப் பஞ்சாயத்துகளில் வீட்டுப் பேச்சு தமிழாகவும், அலுவலகத்துத் தாள் பெரும்பாலும் மலையாளமாகவும் இன்றுவரை இருந்துவருகிறது. கிழக்கே கரிசல் கலந்த மேட்டு நிலம். கடலை, காய்கறி, தென்னை. மேற்கே போகப் போக வயல். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இந்த நிலம் கிடப்பதால், ஆடி மாதக் காற்றில் விரித்த இலை பறந்துவிடும். அந்த மாதங்களில் மரத்தடியை விட்டுவிட்டுச் சுவரோரமாகவோ, பம்புசெட்டு அறையின் மறைவிலோ உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே போய்த் தேடுங்கள்.

வயலில் ஆள் இருப்பதும் இல்லாததும் தண்ணீரைப் பொறுத்தது. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பரிலிருந்தே செல்லுபடியாகும் என எழுதப்பட்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவு அணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வந்துசேர வேண்டும். அது மூலத்தறையில் பிரிந்து கால்வாய்களில் ஓடுகிறது. தண்ணீர் வரும் என்ற சேதி கிடைத்தவுடன் நாற்றங்கால் வேலை தொடங்கும். சேதி தள்ளிப்போனால் ஆட்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே நாட்காட்டியை நம்பிப் புறப்படாமல், முதல்நாள் கொழிஞ்சாம்பாறைப் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே எங்கே நடவு, எங்கே களையெடுப்பு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

கோடையில் கணக்கே வேறு. கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் கோடை மாதங்களில், வெயிலில் நேரடியாக நிற்கும் வேலைகளுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு தர வேண்டும் என்று ஆணையிடுகிறது. பாலக்காட்டு வெயில் 40 பாகையைத் தொடும் மாதங்கள் அவை. அப்போது பலர் விடியலில் வேலைக்கு இறங்கி, பதினொன்றரைக்கே சாப்பாட்டை முடித்துவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுப் படுத்துவிடுவார்கள். படுத்தவர்களை எழுப்பிப் பேச்சுக் கொடுப்பது பெருங்குற்றம்; அந்தத் தூக்கமும் கூலியில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் ஒரே ஊர்க்காரர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. களையெடுப்பும் கடலைப் பறிப்பும் உள்ளூர்ப் பெண்களின் வேலை. ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு குழுவாகப் போவார்கள். நடவுக்கு இப்போது மேற்கு வங்கத்து ஆண்கள் கூட்டமாக வருகிறார்கள். அவர்கள் சோற்றைப் 'பாத்' என்பார்கள். உருளைக்கிழங்கும் பச்சை மிளகாயும் அதிகம் சேர்ப்பார்கள். நம்மவர்களைப் போலவே அவர்களும் கூப்பிடுவார்கள். மொழி தெரியாதே என்று நீங்கள் ஒதுங்கிப் போனால், இந்த ஊரில் அவர்களை ஒதுக்கும் எண்ணற்ற பேர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறவர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். பெரும்பாலும் கடைப் பொட்டலம்தான் பிரிப்பார்கள். முதலமடைப் பக்கம் மாந்தோப்புகள். நாட்டின் பிற பகுதிகளுக்கு முன்பே, ஆண்டுத் தொடக்கத்திலேயே அங்கே காய் இறங்கத் தொடங்கிவிடும். மாங்காய் பறிக்கிறவர்கள் கீறிய காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவி நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் காம்பிலிருந்து வடியும் பால் உதட்டில் பட்டால் புண்ணாகும் என்பதால், காயைத் தண்ணீரில் அலசிவிட்டு வாயில் வையுங்கள்.

கூப்பிடுவதும் கூப்பிடுவதும் ஒன்றல்ல

சோற்றுப் போசியைத் திறக்கும்போது எதிரே ஓர் ஆள் போனால் கூப்பிடாமல் இருப்பது இங்கே பெரிய அநாகரிகம். எனவே முதல் அழைப்பு உங்களுக்கானதே அல்ல. அது கூப்பிடுகிறவர் தன் மரியாதையைக் காத்துக்கொள்வதற்காகச் சொல்வது. அதற்கான பதில், நின்று, முகம் பார்த்து, "நீங்க சாப்புடுங்க" என்று சொல்வது. நடந்துகொண்டே சொல்லக் கூடாது. இவ்வளவும் சொல்லிவிட்டுப் போய்விட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பத்தில் ஆறு முறை அப்படியே போய்விடுவதுதான் சரி.

இரண்டாம் அழைப்புக்குச் சில அடையாளங்கள் உண்டு. உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார். இல்லையென்றால் துண்டை உதறித் தரையில் போடுவார். ஒருவர் எழுந்து தேக்கிலையோ பூவரச இலையோ பறிக்கப் போவார். "எந்த ஊருங்க?" என்ற கேள்வியும் வந்துவிட்டால், உங்களோடு பேச ஆசைப்படுகிறார்கள் என்று பொருள். அப்போது உட்காரலாம். உட்கார்ந்தவுடன் முதலில் கேட்க வேண்டியது மோர், அல்லது பழைய சோற்றுத் தண்ணீர். "சோறு வேண்டாமுங்க, மோர் இருந்தாக் கொஞ்சம் குடுங்க" என்ற ஒரு வாக்கியம் பல சிக்கல்களைத் தீர்த்துவிடும். மோரில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கலாம். சோற்றை அப்படிப் பெருக்க முடியாது. நீங்கள் அவர்கள் கையால் வாங்கிக் குடித்துவிட்டீர்கள் என்ற நிறைவு அவர்களுக்கு மோரிலேயே வந்துவிடுகிறது; யாருடைய போசியும் குறையவில்லை.

இதைவிடச் சிறந்த வழி, நீங்களும் ஒரு பொட்டலத்தோடு போவது. உங்கள் பொட்டலத்தை வட்டத்தின் நடுவில் வைத்துப் பிரித்துவிட்டால் நீங்கள் விருந்தாளி என்ற நிலை போய்க் கூட்டாளி ஆகிவிடுவீர்கள். அவர்கள் இரண்டு கை எடுப்பார்கள், உங்களுக்கு இரண்டு கை வைப்பார்கள், கணக்கு நேராகிவிடும். எலப்புள்ளிக்கு அருகே உள்ள ராமசேரியில், தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் மண்பானையின் வாயில் துணி கட்டி வேகவைக்கும் தட்டையான இட்லி, பொடியோடு கட்டி எடுத்துப்போக ஏற்றது. சாதாரண இட்லியைவிட அதிக நேரம் கெடாமல் இருக்கும். நான் பெரும்பாலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கொஞ்சம் முறுக்கும் எடுத்துப்போவேன். எண்ணிக்கைதான் முக்கியம்: எட்டுப் பேர் இருக்கும் இடத்தில் ஆறு பழம் கொண்டுபோவதைவிடக் கொண்டுபோகாமல் இருப்பதே மேல். வெயிலில் கெட்டுப்போகும் பால் இனிப்புகள் வேண்டாம். பீடியும் மதுவும் வேண்டவே வேண்டாம். பெண்கள் மட்டும் இருக்கும் குழுவில் வெற்றிலைப் பொட்டலத்தை நீட்டுவது முன்பு வழக்கமாக இருந்தது. புகையிலை சேர்த்துப் போடுகிறவர்களைப் பார்த்த பிறகு நான் அதை நிறுத்திவிட்டேன்.

உட்காருதல், கை கழுவுதல், முதல் பத்து நிமிடம்

செருப்பை வட்டத்துக்கு வெளியே கழற்றிவிட்டு உட்காருங்கள். தரையில் சம்மணமிட முடியாதவர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரப்பு மேட்டில் சற்று உயரமாக உட்காரலாம். அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் தரையில் இருக்கும்போது நீங்கள் மடக்கு நாற்காலியை விரிப்பது நன்றாக இராது. பெண்கள் குழுவில் ஆண் பயணி மட்டும் தனியாகப் போய் உட்காருவதாக இருந்தால், வட்டத்துக்குள் நுழையாமல் விளிம்பில், மூத்தவருக்குப் பக்கமாக இருப்பது எல்லாருக்கும் வசதி.

அன்று அந்த நிலத்தில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு உள்ளே நடக்கவும். தெளிப்பான் டப்பா மரத்தில் தொங்குகிறது, அல்லது காற்றில் நெடி வருகிறது என்றால் அங்கே உட்கார்ந்து சாப்பிடவே வேண்டாம். அவர்களையும் வேறு மரத்தடிக்கு வரச் சொல்லலாம், பெரும்பாலும் வருவார்கள். கையை வாய்க்கால் தண்ணீரில் அலசி முடித்துக்கொள்ளாமல், நீங்கள் கொண்டுவந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் சேற்று வயலில் இறங்கக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரலாம். குடிப்பதற்குக் கேரளத்து வழக்கப்படி கொதிக்கவைத்த தண்ணீர் கொண்டுவந்திருப்பார்கள். சீரகமோ பதிமுகப் பட்டையோ போட்டது. பதிமுகம் போட்ட தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும்; அதைப் பார்த்துப் பயந்து கொட்டியவர்களை எனக்குத் தெரியும். கேனில் இருக்கும் அந்தத் தண்ணீர் அத்தனை பேருக்கும் மாலைவரை வர வேண்டியது என்பதால், ஒரு டம்ளருக்கு மேல் கேட்காதீர்கள்.

முதல் பத்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். ஆர்மேனியாவில் விருந்து என்றால் 'தமதா' என்று ஒருவர் தலைமை ஏற்று, ஒவ்வொரு கோப்பைக்கும் முன்பு வாழ்த்துரை சொல்வது வழக்கம். விருந்தாளியும் எழுந்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அங்கே பேசாதவன் மரியாதை தெரியாதவன். எங்கள் வரப்பில் அதற்கு நேர்மாறு. காலை ஏழு மணியிலிருந்து குனிந்தே நின்றவர்களுக்கு முதல் பசி அடங்கும்வரை நீங்கள் கேட்கும் எந்தக் கேள்வியும் இடைஞ்சல்தான். போசி மூடிகள் திறக்கும் சத்தம், வெங்காயத்தைத் தரையில் வைத்துக் கையால் குத்தி உடைக்கும் சத்தம், அவ்வளவே இருக்கும். பாதிச் சோறு போன பிறகு யாராவது ஒருவர் பேச்சை எடுப்பார். அப்போது நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

பேசும்போது அக்கா, அண்ணா, அம்மா என்று வயதைப் பார்த்துச் சொல்லி, 'ங்க' சேர்த்துப் பேசினால் போதும். வயதில் மூத்த பெண்கள் உங்களைக் கண்ணு என்றோ, பெண்ணாக இருந்தால் அம்மிணி என்றோ, சில நேரம் நீ என்றோ கூப்பிடுவார்கள், அது நெருக்கம். 'சாமி' என்ற சொல்லைத்தான் கவனித்துக் கேட்க வேண்டும். பேரனைக் கொஞ்சும் கிழவி சொல்லும் சாமி வேறு. வெள்ளைச் சட்டையைப் பார்த்தவுடன் கையைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் சொல்லும் சாமி வேறு. இரண்டாவதைக் கேட்டால், "தம்பின்னே கூப்புடுங்க" என்று உடனே சொல்லிவிடுங்கள்.

இலையில் வருவது

போசிகளில் பெரும்பாலும் மட்டை அரிசிச் சோறு இருக்கும். தவிட்டுச் சிவப்பு மாறாமல் புழுக்கிய, பருமனான அரிசி. பாலக்காட்டு மட்டைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பழகாதவர்கள் வேகவில்லை என்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அந்த அரிசி வெந்தாலும் சற்று மெல்ல வேண்டியிருக்கும்; மெதுவாக மென்று சாப்பிட்டால் நாலு கவளத்துக்குள் பிடித்துப்போகும். பழைய சோறாக இருந்தால் மோர் ஊற்றி உப்புப் போட்டுக் கையால் பிசைந்து, வறுத்த மோர்மிளகாயைக் கடித்துக்கொள்வார்கள். மோர்மிளகாயை முழுதாக வாயில் போடாதீர்கள். நுனியைக் கிள்ளிச் சோற்றோடு சேர்த்துப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள். கஞ்சியாகக் கொண்டுவருகிற மலையாள வீட்டுக்காரர்கள் சிலர், முழுப் பலாவிலையைக் கூம்பாக மடித்து ஈர்க்குச்சியால் குத்தி, கரண்டியாக்கிக் கொடுப்பார்கள். இலையின் காம்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நுனிப்பக்கமாக அள்ள வேண்டும். அது பிரிந்துவிட்டால் பதற வேண்டாம், இன்னொன்று மடித்துத் தருவார்கள்.

தொட்டுக்கொள்ளக் கொள்ளுப் பருப்பு, தேங்காயும் வரமிளகாயும் வைத்து அரைத்த சம்மந்தி, உப்பு மாங்காய், மத்தி மீன். இங்கேதான் சொற்கள் காலை வாரும். மலையாளம் கலந்து பேசுகிறவர் "கறி உண்டு" என்றால் இறைச்சி இருக்கிறது என்று பொருளல்ல. குழம்பு வகை எதையும் கறி என்பார்கள். சைவக்காரர் ஒருவர் அந்த ஒரு சொல்லைக் கேட்டு இலையை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டதையும், அவருக்காக எடுத்து வைத்த பரங்கிக்காய்க் குழம்பு அப்படியே இருந்ததையும் பார்த்திருக்கிறேன். கூட்டான் என்றாலும் குழம்புதான். உப்பேரி என்றால் பொரியல். வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். மதி என்றால் போதும்; "கொறச்சு மதி" என்று நீங்கள் சொன்னால் கொஞ்சமே வைப்பார்கள், சிரிக்கவும் செய்வார்கள். நீங்கள் மீன், இறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதை உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும்; பரிமாறிய பிறகு சொன்னால் அந்தக் கை கூசிப்போகும்.

அளவைப் பற்றி ஒரு விதி வைத்திருக்கிறேன். யாரும் தன் போசியை முழுதாக என் பக்கம் நகர்த்த விடமாட்டேன். நகர்த்தினால் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு, "இதுல ஒரு கை மட்டும் வைங்க" என்று சொல்வேன். மூடி சின்னது, அதில் எவ்வளவு குவித்தாலும் மூன்று கவளத்துக்கு மேல் வராது. இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு கை வைத்தால் அதுவே ஒரு வேளைக்கு ஆகிவிடும்; இழப்பும் மூவருக்குப் பிரிந்துவிடும். "பசியில்லை" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். காலையிலிருந்து களைக்கொத்து பிடித்தவருக்கு மதியம் பசிக்காமல் இருக்க வழியே இல்லை. மூடியில் வைத்ததை மட்டும் மிச்சம் விடக் கூடாது.

மச்சு வீட்டிலிருந்து வரும் அழைப்பு

நீங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தால், தோட்டத்துக்காரர் தோட்டத்துச் சாளையிலிருந்தோ (குடிசையிலிருந்தோ) வீட்டிலிருந்தோ ஆள் அனுப்புவார். "அங்க போய் உக்காந்துட்டீங்களே, வீட்டுக்கு வாங்க, இலை போட்டாச்சு" என்பார். இந்த நாட்டில் மரியாதைப்பட்ட வரவேற்பு அதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதும் இல்லை. ஆனால் மரத்தடியில் உங்களுக்கு இலை பறித்தவர்கள் அந்த நிமிடமே அமைதியாகிவிடுவார்கள். நீங்கள் எழுந்து போவீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும், ஏனென்றால் இதுவரை வந்தவர்கள் எல்லாரும் போயிருக்கிறார்கள். நான் சொல்வது: முதலில் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்டு முடியுங்கள். தோட்டத்துக்காரரிடம், "இங்க கை நனைச்சுட்டேனுங்க, அப்பறமா வந்து காப்பி குடிச்சுக்கறேன்" என்று சொல்லி, சொன்னபடியே போய்க் காப்பி குடியுங்கள். கை நனைத்துவிட்டேன் என்ற சொல்லுக்கு மேல் இந்தச் சீமையில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

சில தோட்டங்களில் வேலையாட்களுக்கென்று டம்ளர்கள் தாழ்வாரத்தில் தனியாகச் செருகி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். பார்த்தவுடன் அங்கேயே நின்று நியாயம் பேசத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் நீங்கள் மாலைப் பேருந்தில் ஏறிவிடுவீர்கள், மறுநாள் அந்தத் தாழ்வாரத்தில் நிற்கப்போவது அவர்கள். வேலையாட்களே அந்தப் பேச்சை எடுத்தால் காது கொடுத்துக் கேளுங்கள். அவர்கள் என்ன செய்ய விரும்புகிறார்கள் என்பது அவர்கள் வாயிலிருந்து வரட்டும். நீங்கள் அந்த நேரத்தில் செய்யக்கூடியது, காப்பியை உள்ளே உட்கார்ந்து குடிக்காமல் வாங்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து குடிப்பது. சாதியை யாரிடமும் கேட்காதீர்கள்; நேரடியாக மட்டுமல்ல, "எந்தத் தெரு" என்று சுற்றியும் கேட்காதீர்கள்.

கள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர்த் தோப்புகளில் இறங்குவது. கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் கள் குடிப்பது சட்டப்படி சரி. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. தென்னையிலிருந்து இறங்கியவர் அன்பாக ஒரு குவளை நீட்டினாலும், கணக்கில் சேர வேண்டிய கள்ளை அவர் தருகிறார் என்பதை நினைத்துப் பார்த்து மறுத்துவிடுங்கள். கடைக்குப் போய் வாங்கிக் குடியுங்கள். பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கோபாலபுரம் தாண்டினால் உங்கள் பாடு.

எழுந்து போகும்போது

காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், ஆனால் அடுத்து வருகிறவரை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். குழந்தைகளுக்கு என்று சொல்லி நோட்டை மடித்துத் திணிப்பதும் அதுவேதான். படம் எடுக்க வேண்டுமானால் சாப்பாடு முடிந்து, வாய் கொப்பளித்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்ட பிறகு கேட்டு எடுங்கள். வாயில் சோறு இருக்கும்போது எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அழித்துவிடலாம். எடுத்த படத்தை அடுத்த முறை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதைவிட நல்ல பதில் மரியாதை வேறு இல்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருப்பவர்கள் ஏராளம், அதனால் சொல்லாமலே செய்யுங்கள்.

நீங்கள் சாப்பிட்ட மூடியை நீங்களே கழுவிக் கொடுங்கள். வேண்டாம் என்று பிடுங்குவார்கள். ஒரு முறை பிடுங்க விடலாம், இரண்டாம் முறை விடாதீர்கள். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக்கைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இலையை மாட்டுக்குப் போடலாம்.

எழுந்திருக்கும் நேரத்தை அவர்களே காட்டுவார்கள். ஆண்கள் துண்டை உதறி உருமாலை கட்டுவார்கள். பெண்கள் சேலைக்கு மேல் போட்டிருக்கும் பழைய சட்டைக்குப் பொத்தான் மாட்டுவார்கள். அப்போதும் நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் உங்களை எழுப்ப வழி தெரியாமல் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். முதல் பொத்தானிலேயே எழுந்துவிடுங்கள். "போயிட்டு வர்றேனுங்க" என்று மூத்தவரிடம் சொல்லிவிட்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடங்கள். குறுக்கு வழி என்று நாற்றை மிதித்துக்கொண்டு போகாதீர்கள்.

மறுபடி அந்தப் பக்கம் வருவதாக இருந்தால், மத்தியானத்துக்குப் பதிலாகக் காலைப் பத்தரை மணிக்கு வாருங்கள். அது கட்டன்சாயா, அதாவது பால் சேர்க்காத டீ, குடிக்கும் நேரம். டீக்கடையில் எட்டுப் பன் வாங்கிக்கொண்டு வந்தால், ஆளுக்கொரு டம்ளரோடு கால் மணி நேரம் உங்களோடு உட்காருவார்கள். மதியச் சோற்றுப் போசிகள் அப்போது மூடியபடியே மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருக்கும்.